அவள் பக்கத்துச் சுவிட்ச்

அவளுடைய விரல்கள் ஷிம்களைப் பிரித்துக்கொண்டிருந்தன. ஷிம் என்பது மெல்லிய எஃகு வளையம். பற்சக்கரத்துக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி கூடிப்போனால் ஒன்றைச் சொருகுவார்கள், குறைந்துபோனால் ஒன்றை உருவுவார்கள். உதிரிபாகக் கடைக்கு அவை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். கட்டைவிரலால் தள்ளி, ஆள்காட்டி விரலால் பிடித்து, ஒவ்வொன்றாக உரித்து, கனம் பார்த்துத் தனித்தனி டப்பாவில் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவள் செய்துவந்த வேலை. பேசிக்கொண்டே செய்வாள், சண்டை போட்டுக்கொண்டே செய்வாள், கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டும் செய்வாள். அன்றைக்கு ஒரு ஷிம் மட்டும் உரியவில்லை. எண்ணெய் இறுகிவிட்டது என்று நினைத்து, மேசை விளக்கின் கீழே ஷிம் அடுக்கைக் காட்டிச் சூடாக்கினாள். மறுபடி தள்ளினாள். நகராதது ஷிம் இல்லை, தன் வலது கட்டைவிரல்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைக்கு வருகிறவர்கள் அவளைக் கேட்டலாக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதில் பில் எழுத வந்து சேர்ந்தவள். முதல் வருஷம் முழுக்க, உள்ளே நுழைகிற ஒவ்வொரு டிரைவரும் அவள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆள் யாரும் இல்லையாம்மா?" என்று கேட்பான்.

"நான் ஆளில்லாம பின்ன என்ன, கல்லாப்பெட்டியா?" என்பாள்.

இரண்டாம் வருஷம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உடைந்த துண்டைக் கையில் கொடுத்தால் எந்த வண்டி, எந்த வருஷத்து வண்டி, எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று சொல்லிவிடுவாள். முதலாளியே சில சமயம் போனின் வாயைப் பொத்திக்கொண்டு அவளிடம் கேட்டுத்தான் பதில் சொல்வார்.

ஜீப்காரர் அப்படி வந்து மாட்டிக்கொண்டவர்தான். பினியன் என்கிற சின்னப் பற்சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "தப்பான சாமான் குடுத்துட்டீங்க, சேரல" என்றார்.

"சாமான் சரி. நீங்க தலைகீழா மாட்டியிருக்கீங்க."

"எனக்குப் பதினஞ்சு வருஷ அனுபவம்."

"பதினஞ்சு வருஷமும் தலைகீழாத்தான் மாட்டினீங்களா?"

மறுநாள் திரும்பி வந்து, சேர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரம் வாங்க வேண்டியது எதுவுமே இல்லாமல் வந்தார். ஆறு மாதத்தில் கல்யாணம். குழந்தை பிறக்கவில்லை. கேட்டவர்களுக்கு, "ஸ்டாக் வரல" என்று அவளே சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

மருத்துவமனையில் மூன்று மாதம் சோதனைக்கு மேல் சோதனை செய்தார்கள். மூளையிலிருந்து தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய் என்றார்கள். மருந்தால் கொஞ்சம் மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது. தொட்டால் தெரியும், வலித்தால் தெரியும், புத்தி கடைசிவரை அப்படியே இருக்கும். இதைச் சிலர் ஆறுதலாகச் சொல்வார்கள். இப்படிப்பட்டவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வலது கை முதலில் போனது. ஒரு வருஷம் கடையில் உட்கார்ந்தபடியே நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு கால்கள் போயின. வீட்டில் தனியாக விட முடியாது. ஜீப்காரர் யோசித்துக்கொண்டெல்லாம் நிற்கவில்லை. இடது இருக்கையில் உயரமான முதுகுப் பலகை ஒன்றை இறுக்கினார், மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, கழுத்துக்கு ஒரு தாங்கல். காலையில் அவளைத் தூக்கி வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

அவர்கள் வீடு இருப்பது ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவில். அங்கே பதினைந்து வீடுகள். ஊருக்குப் போக மண்பாதையில் ஓடைவரை இறங்கி, தண்ணீரைக் கடந்து, எதிர்க்கரையில் செங்குத்தாக ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில் ஏறக்கூடிய வண்டி அந்தப் பதினைந்து வீட்டுக்கும் இது ஒன்றுதான். பால் கேன், சிமெண்ட் மூட்டை, எரிவாயு சிலிண்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்ச்சல்காரர்கள், எல்லாம் இதில்தான்.

மூட்டை முடிச்சோடு ஒரு மூட்டையாகக் கிடக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. முதல் வாரமே வேலையை எடுத்துக்கொண்டாள். "இடது பக்கம் கல்லு. இன்னும் ஒரு சாண் வலது. ஆங், இப்ப விடுங்க." அவருடைய இடது கண் அவள்தான் என்று சரிவில் உள்ளவர்கள் கேலி செய்தார்கள். கேலியில் அவளுக்குச் சந்தோஷம்.

முதல் மழைக்காலத்தில் ஒருநாள் ஓடை ஏற்றத்தில் ஜீப் நின்றுவிட்டது. பின்னால் இடது சக்கரம் சேற்றில் விர்ரென்று சுற்றியது. வலது சக்கரம் நல்ல பாறைமேல் உட்கார்ந்திருந்தும் அசையவில்லை. இரண்டு மணி நேரம். அவள் இருக்கையில் கட்டுண்டபடியே நனைத்துக்கொண்டாள். அவர் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டி, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் துணி மாற்றினார். அன்று மாலையே அவர் தம்பிக்குப் போன் செய்து, "டிஃப் லாக் போடணும். ஞாயித்துக்கிழமை வா" என்றார்.

தம்பி ஊருக்குள் மெக்கானிக். வந்ததும் அண்ணியின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். அண்ணனிடம் பேசி ஒன்றும் ஆகாது என்பது அவனுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது பின் அச்சுக்கு நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல். நல்ல சாலையில் அது இல்லாமல் முடியாது. சேற்றில் அதுவே வில்லன். எந்தப் பக்கம் சுலபமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே இன்ஜினின் பலத்தையெல்லாம் அனுப்பிவிடும். உறுதியான தரையில் நிற்கிற சக்கரம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். டிஃப் லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றியே ஆக வேண்டும்.

"அண்ணி, தானா லாக் ஆகிறது ஒண்ணு இருக்கு. சுவிட்ச் கிடையாது, கம்பி கிடையாது, யாரும் எதையும் தொட வேண்டாம். போட்டோமா, மறந்தோமான்னு இருக்கலாம்."

"வளைவுல அது டொக்கு டொக்குன்னு உதைக்கும்ல?"

"கொஞ்சம் உதைக்கும்."

"என் கழுத்து தாங்குமா?"

தம்பி அவளுடைய கழுத்துத் தாங்கலைப் பார்த்தான். "தாங்காது."

"அப்ப அடுத்தது."

"வேணும்னா போட்டு வேணாம்னா எடுக்கிற மாதிரி ரெண்டு இருக்கு. ஒண்ணு காத்துல வேலை செய்யும். நல்ல பலம். கம்ப்ரஸர் வைக்கணும், குழாய் இழுக்கணும்."

"ஓடைக்குள்ள தினமும் நாலு தடவ குழாய முக்கி எடுக்கப் போறாரு. எங்கயாவது கசியும். கசிஞ்சா மழையிலதான் கசியும். அடுத்தது."

"கரண்டுல வேலை செய்யிறது. அச்சுக்குள்ள காந்தம் இருக்கும். சுவிட்ச தட்டினா பிடிச்சுக்கும்."

"அது. அச்சு நுனியில எத்தனை பல்லு? அதுக்குத்தான சாமான் சேரணும்."

"இந்த மாடலுக்கு முப்பது பல்லு அண்ணி. புக்குல போட்டிருக்கு."

"புக்கு இந்த ஜீப்ப பாத்திருக்கா? உருவி எண்ணு."

"அண்ணி, எண்ணெய் எல்லாம் கொட்டும், ரெண்டு மணி நேர வேலை…"

"சரி, எண்ணாத. சாமான் வந்ததும் சேரலன்னு கடைக்கு எடுத்துட்டுப் போ. தலைகீழா மாட்டிட்டேன்னு சொல்லு. உங்க குடும்பத்துக்கு அது பழக்கம்தான்."

ஜீப்காரர் வாசலில் நின்றபடி இருமினார். தம்பி முணுமுணுத்துக்கொண்டே அச்சை உருவினான். சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டுவிட்டுச் சுற்றி எண்ணினான். எண்ணி முடித்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினான். உள்ளே வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "இருபத்தேழு. எவனோ பழைய ஆளு அச்சையே மாத்தியிருக்கான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு வந்தால் அப்போது அவளுக்கு அடக்க முடியாது, அதுவும் அந்த நோயின் குணம். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். துடைத்துவிட அவர் உள்ளே வந்தார்.

இரண்டு வாரத்தில் சாமான் வந்தது. அதைப் பொருத்துகிற அன்றுதான் சண்டை. சுவிட்சை எங்கே வைப்பது?

"டேஷ்போர்டுல, டிரைவர் கைக்குப் பக்கத்துல" என்றான் தம்பி. "வேற எங்க வைப்பாங்க?"

"என் பக்கம் வை" என்றாள் அவள். "கதவுப் பக்கம், கைப்பிடியில. இடது கட்டைவிரல் நல்லா இருக்கு. ஏற்றத்துல அவருக்கு ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வேணும்."

"சரி அண்ணி, மாடிப்படி லைட் மாதிரி ரெண்டு பக்கமும் வெச்சிடறேன். மேல தட்டினாலும் எரியும், கீழ தட்டினாலும் எரியும். ரெண்டு அடி கம்பிதான் கூட."

"வேண்டாம். ரெண்டு இருந்தா நான் தட்டறதுக்குள்ள அவர் தட்டிடுவாரு. அப்புறம் நான் எதுக்கு?"

தம்பி அண்ணனைப் பார்த்தான். ஜீப்காரர் கீழே குனிந்து ஒரு போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே இறுகியிருந்தது. தம்பி சொல்வதுதான் சரி என்று அவருக்குத் தெரியாமலில்லை. எந்த மெக்கானிக்கும், எந்த டிரைவரும் செய்யாத வேலை இது. இயந்திரத்தைப் பற்றிய கேள்வியாக இருந்திருந்தால் சரியாகப் பதில் சொல்லியிருப்பார்.

"ஒண்ணு போதும். அவ பக்கம் வை" என்றார்.

தம்பி வைத்தான். சுவிட்சிலேயே ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. லாக் பிடித்தால் எரியும். அதுவும் அவளுக்குத்தான் தெரியும்.

அடுத்த ஆறு மாதம் அவர்கள் இருவருக்கும் நல்ல காலம். நோய் போகவில்லை, எடை குறைந்துகொண்டேதான் இருந்தது, சாப்பாட்டைக் கூழாக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் நல்ல காலம்தான். ஓடைத் தண்ணீருக்குள் இறங்கியதும் வண்டியை ஊர விட்டு அவர், "போடு" என்பார். சக்கரம் சுற்றி வழுக்கும்போது லாக்கைப் போட்டால் பல் உடையும், அதனால் ஏற்றம் தொடங்கும் முன்பே போட வேண்டும். கட்டைவிரலை அழுத்திவிட்டு அவள், "போட்டாச்சு" என்பாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கண் பாதையில், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். ஜீப் ஏறும். மேலே கெட்டித் தரை வந்ததும் "எடு." "எடுத்தாச்சு." சரிவில் உள்ள பிள்ளைகள் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவளோடு சேர்ந்து "போட்டாச்சு" என்று கத்துவார்கள்.

பெரிய மழை தொடங்கிய சமயம் இடது கட்டைவிரல் தளர ஆரம்பித்தது.

டிவி ரிமோட்டில் முதலில் தெரிந்தது. பிறகு சுவிட்சில். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. அப்புறம் கட்டைவிரல் போதாமல் விரல் முட்டியை வைத்து அழுத்தினாள். அதுவும் போதாமல் தோளைச் சாய்த்து, முழங்கையின் எடையைச் சுவிட்சின்மேல் விழவிட்டாள். வண்டி குலுங்கும்போது அது எளிது. குலுக்கலோடு குலுக்கலாகச் செய்துவிட்டு, "போட்டாச்சு" என்று எப்போதும்போல் சொன்னாள்.

"கை எப்படி இருக்கு?" என்று அவர் கேட்பார்.

"அங்கயேதான் இருக்கு. ஓடிப் போகல."

அவள் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் சுவிட்ச் அந்தப் பக்கம் போய்விடும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கொத்தனார் அவர்களுக்கு நாலாவது வீடு. அவள் சக்கர நாற்காலி ஏறி இறங்க வாசலில் சரிவுத்தளம் போட்டுக் கொடுத்தவர். அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வேலியோரம் கல் அடுக்கப் போனார். மூன்று மணிக்கு அவர் மனைவி தண்ணீர் கொண்டுபோனபோது, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. வலது கை தூக்கினால் விழுந்தது. அந்த அம்மா தலைமுடி அவிழ்ந்து மழையில் ஓடிவந்து ஜீப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப் மூன்று இருபதுக்குக் கிளம்பியது. பின்னால் கொத்தனாரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, தலையை மனைவியின் மடியில் வைத்திருந்தார்கள். நடக்க முடியாத தன் மனைவியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஜீப்காரருக்கு வேறு ஆள் இல்லை. சுவிட்சும் அவள் பக்கம். அதனால் அவளும் வந்தாள்.

ஓடையில் தண்ணீர் அச்சுவரை ஓடியது. அவர் வண்டியை ஊர விட்டார். "போடு."

அவள் முட்டியை வைத்து அழுத்தினாள். நகரவில்லை. தோளைச் சாய்த்தாள். மழைக்காக அவர் அவளுக்குக் கனமான கோட்டு ஒன்றைப் போட்டு, பட்டையை ஒரு துளை கூடுதலாக இறுக்கியிருந்தார். தோள் சாயவில்லை. முழங்கை சுவிட்சுக்கு இரண்டு விரல் தள்ளி நின்றது. விளக்கு எரியவில்லை. அவளுக்குத் தெரியும், எரியவில்லை.

"போடு" என்றார் அவர் இரண்டாவது தடவை.

கரைக்குப் போவதற்குள் ஒரு குலுக்கல் வரும், அதில் கை விழும் என்று அவள் கணக்குப் போட்டாள். "போட்டாச்சு" என்றாள்.

அவர் ஏற்றினார். பாதி ஏற்றத்தில் இடது சக்கரம் சேற்றில் சுற்றத் தொடங்கியது. வண்டி நின்றது, பிறகு பின்னால் வழுக்கியது. அவர் பிரேக்கை மிதித்தும் நிற்காமல் சாய்ந்து இறங்கி, பக்கத்துப் பள்ளத்தில் டமாரென்று உட்கார்ந்தது. பின்னால் கொத்தனாரின் மனைவி அலறினாள்.

அவர் இறங்கி, சேற்றில் விழுந்து எழுந்து, சுற்றிவந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். விளக்கைப் பார்த்தார். தன் விரலால் சுவிட்சைத் தட்டினார். சிவப்பாக எரிந்தது.

"போட்டாச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"போடலையா?"

"அமுக்கினேன். போகல."

"அப்ப ஏன்…" என்று தொடங்கியவர், பின்னாலிருந்து வந்த முனகலைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். பேசுகிற நேரம் இல்லை. இப்போது லாக் பிடித்திருந்தும் பயனில்லை, வண்டியின் வயிறு கல்மேல் உட்கார்ந்துவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் கல் அடுக்கி, திரும்ப இறக்கி, மறுபடி தூக்கி… முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. அவளால் செய்ய முடிந்தது டேஷ்போர்டு கடிகாரத்தைப் பார்ப்பது ஒன்றுதான். பார்த்தாள்.

மருத்துவமனையை அடைந்தபோது நாலே முக்கால். டாக்டர் சின்ன வயசுப் பெண். "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" என்று கேட்டாள்.

"பன்னண்டு மணிக்கு. சாப்பிட்டாரும்மா. நல்லாத்தான் சாப்பிட்டாரு."

"அடைப்பைக் கரைக்கிற ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு மேல போட்டா மூளையில ரத்தம் கசியும். இப்ப நேரம் தாண்டிடுச்சும்மா. மத்த எல்லாம் செய்யறோம்."

வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தவள் கணக்குப் பார்த்தாள். அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் நாலு பத்து. படம் எடுக்க, பார்க்க, இருபது நிமிஷம் என்று வைத்தால் நாலரை. போட்டிருப்பார்களோ, மாட்டார்களோ. ஒன்றரை மணிக்குத்தான் விழுந்திருந்தாலும் யாருக்குத் தெரியும்? எந்த டாக்டராலும் இனிமேல் சொல்ல முடியாது. ஊசி போட்டிருந்தாலும் கை திரும்ப வந்திருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. அவள் அத்தனையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தாள். முப்பத்தைந்து நிமிஷம் முப்பத்தைந்து நிமிஷமாகவே நின்றது.

கொத்தனாரின் மனைவி வெளியே வந்து அவளருகே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றாள் நாற்காலியில் இருந்தவள். அப்போதே வார்த்தை குழறத் தொடங்கியிருந்தது, மெதுவாகச் சொன்னாள். "சுவிட்ச் நான்தான் போடல. போட்டேன்னு பொய் சொன்னேன்."

"என்னம்மா சுவிட்சு? ஃபேனா?" அந்த அம்மா மேலே பார்த்தாள். "குளிருதா உனக்கு?" என்று தன் ஈரத் துண்டைப் பிழிந்து, உதறி, அவள் முழங்காலில் போர்த்தினாள். "நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா இவரு அங்கயே கிடந்திருப்பாரு."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். டிஃபரன்ஷியல், லாக், சக்கரம் என்று விளக்கினாள். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே உள்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தால் திட்டியிருப்பாள். திட்டு வாங்கியிருந்தாலாவது கொஞ்சம் இறங்கியிருக்கும்.

வீடு திரும்பும்போது அவர் ஓடையில் வண்டியை நிறுத்தி, இறங்கிச் சுற்றிவந்து, தானே சுவிட்சைப் போட்டுவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்து ஓட்டினார். மேலே ஏறியதும் இறங்கி வந்து எடுத்தார். வீட்டில் உடம்பு துடைத்து, கூழ் கொடுத்து, இடுப்பில் புண் வராமல் இடது பக்கமாகத் திருப்பிப் போட்டு, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தார். ஒன்றையும் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா எப்படிப் போட்ட?"

"முழங்கையால."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்ன வண்டிலேருந்து இறக்கி விட்டிருப்பேனா?"

"மாட்டீங்க. பக்கத்துல கட்டி வெச்சுட்டுப் போவீங்க. சிலிண்டர் மாதிரி."

அவருக்குக் கோபம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் குரல் உயர்த்தாதவர் அன்று உயர்த்தினார். "பின்னால ஒரு மனுஷன் கிடந்தாண்டி!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அவர் எழுந்து முற்றத்துக்குப் போய் ஜீப்பிலிருந்த சேற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கோபம் என்றால் கழுவி முடியும்போது தீர்ந்திருக்கும். அது கோபம் மட்டும் இல்லை. சுவிட்ச் ஒன்று போதும், அவள் பக்கம் வை என்று சொன்னது அவர். அவளுக்கும் அது தெரியும்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவளே போனைக் காதில் வைக்கச் சொல்லி, தம்பியைக் கூப்பிட்டாள். "டிரில் எடுத்துட்டு வா. கம்பியும் ரெண்டு அடி கொண்டா."

அவன் ஏழரைக்கு வந்தான். விஷயம் அவனுக்கு அண்ணன் மூலம் தெரிந்திருந்தது. வழக்கமான நையாண்டி இல்லை. "அண்ணி, அப்பவே சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் வெச்சிடறேன். உங்களுது அப்படியே இருக்கட்டும்."

"குழந்தைங்களுக்குப் பொம்மை ஸ்டியரிங் வாங்கித் தருவாங்களே, அது மாதிரியா? வேண்டாம். கழட்டிடு."

நாற்காலியை ஜீப்புக்குப் பக்கத்தில் தள்ளச் சொன்னாள். எந்த இடத்தில் ஓட்டை போட வேண்டும் என்று சொன்னாள். ஹாரனுக்குப் பக்கத்தில் வேண்டாம், அவசரத்தில் மாறித் தட்டுவார். வைப்பர் சுவிட்சுக்குக் கீழே, இரண்டு விரல் தள்ளி. ஆறு மில்லிமீட்டரில் முதலில் ஒரு துளை, அப்புறம் பெரிது. கம்பி தகட்டின் விளிம்பில் உரசாமல் ரப்பர் வளையம் போடு. ஃப்யூஸ் அளவைப் படித்துக் காட்டு. விளக்கு அவர் கண்ணுக்கு நேராக வரட்டும். தம்பி சொன்னதைச் சொன்னபடி செய்தான். அவள் பக்கத்துக் கைப்பிடியில் சதுரமாக ஒரு பொத்தல் மிஞ்சியது. அதற்கு ஒரு தகடு வெட்டி ஒட்டட்டுமா என்று கேட்டான்.

"மழைத்தண்ணி போகாம டேப் ஒட்டு. போதும்."

எட்டரைக்குக் கொத்தனார் வீட்டிலிருந்து துணிமணியும் போர்வையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஜீப்காரர் கழுத்துத் தாங்கலை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"நான் வரல" என்றாள் அவள். "தம்பி மதியம்வரை இருப்பான். நீங்க போயிட்டு வாங்க."

அவர் தாங்கலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வா என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. தாங்கலை ஆணியில் மாட்டிவிட்டு, பையை அவள் உட்காருகிற இருக்கையில் வைத்து, உருளாமல் மார்புப் பட்டையைப் போட்டுக் கட்டிவிட்டுக் கிளம்பினார்.

தம்பி அவள் நாற்காலியை ஜன்னலருகே தள்ளி, கால்மிதியைச் சரிசெய்தான். இங்கிருந்து ஓடை தெரியாது, சத்தம் மட்டும் வரும். இன்ஜின் இறங்கியது. தண்ணீருக்குள் போகும்போது சத்தம் அடங்கியது. ஒரு சின்ன நிறுத்தம். பிறகு ஒரே சீராக, எங்கும் திணறாமல், சக்கரம் ஒருமுறைகூட வழுக்காமல் மேலே ஏறி, கெட்டித் தரைக்குப் போய், கியர் மாறி, தூரமாகப் போயிற்று.

"ஏறிடுச்சு அண்ணி" என்றான் தம்பி.

"கேட்டுச்சு" என்றாள் அவள். மணி ஒன்பது. அவளைக் கட்டிலுக்கு மாற்றி, வலது பக்கமாகத் திருப்பிப் போட வேண்டிய நேரம். எப்படித் தூக்க வேண்டும், எந்த இடத்தில் கை கொடுக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.